பாப் டிலனின் பாட்டு வரிகளை ஊற்றுக்கண் வரை தேடிச் செல்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

2016-ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுக்கு அறிவிக்கப்பட்டபோது, பாட்டுக் கட்டுகிறவருக்கு இலக்கியப் பரிசா என்று பலர் முகம் சுளித்தார்கள். 2017 ஜூனில் அவர் வழங்கிய நோபல் உரை ஏறத்தாழ அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் அவர் முதலில் எடுத்த பெயர் எந்தக் கவிஞருடையதும் அல்ல. பட்டி ஹோலி என்ற ராக் அண்ட் ரோல் பாடகருடையது. 1959 ஜனவரி 31 அன்று, பதினேழு வயதில், மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் டிலன் அவரை மேடைக்கு அருகில் நின்று பார்த்தார். மூன்றே நாளில் ஹோலி விமான விபத்தில் இறந்துபோனார். உரையில் அதன் பிறகு வருவது நாட்டார் பாடகர் லெட்பெல்லியின் ஓர் இசைத்தட்டு, அதன் பிறகு நாட்டார் பாட்டுகளின் சொல்வழக்கு. இவ்வளவுக்கும் பின்னால்தான் ‘மோபி டிக்’, ‘ஆல் குவயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’, ‘ஒடிஸி’ என்ற மூன்று நூல்கள் வருகின்றன.

இசை முன்னால், புத்தகம் பின்னால் என்ற அந்த வரிசையையே இந்த வழிகாட்டியும் பின்பற்றுகிறது. டிலனை ஆராயப் புகுகிறவர்களில் பலர் தலைகீழாகத் தொடங்கி, அச்சிட்ட வரிகளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இது ஃபிரெஞ்சுக் கவிஞர் ராம்போ, இது ஆங்கிலக் கவிஞர் எலியட் என்று குறிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவருடைய தொடக்ககாலப் பாட்டுகளில் மெட்டோடு சேர்ந்துதான் கேள்வியும் சட்டகமும் பாதி அர்த்தமும் வந்திருக்கின்றன என்பதால், காதை மூடிக்கொண்டு தேடினால் கண்ணுக்குக் கிடைப்பது குறைவு.

தேவையானவை அதிகமில்லை. பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்க ஒரு வழியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி அதில் மூன்று பத்திகள் வரைந்துகொள்ளுங்கள்: பழைய பாட்டிலோ நூலிலோ இருப்பது, டிலன் அப்படியே வைத்துக்கொண்டது, மாற்றியது. மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

முதல் படி: ஒரே ஒரு பாட்டு, அதன் ஆண்டு

ஒரு முழு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அலையாமல் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து அது எழுதப்பட்ட காலத்தை முதலில் குறியுங்கள். எங்கே தேட வேண்டும் என்பதை ஆண்டு சொல்லிவிடும். 1961 முதல் 1964 வரையிலான பாட்டுகளுக்கு அமெரிக்க நாட்டார் பாடகர் வுடி கத்ரியும், ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, அயர்லாந்துப் பழங்கதைப் பாட்டுகளும், கறுப்பின மக்களின் ப்ளூஸ் என்ற சோகப் பாட்டுகளும் பக்திப் பாட்டுகளும் முதல் இடம். 1965, 1966-இல் மின் கிட்டாரோடு ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரி முன்னுக்கு வருகிறார். கூடவே ஃபிரெஞ்சுக் கவிதையும், பீட் தலைமுறை எனப்பட்ட 1950-களின் அமெரிக்கக் கலக எழுத்தும் வருகின்றன. 1967-இன் இறுதியில் வெளியான ‘ஜான் வெஸ்லி ஹார்டிங்’ ஆல்பத்துக்கு வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். 2001 முதல் வந்தவற்றில் ரோமானியக் கவிகள்கூட எட்டிப் பார்ப்பார்கள்.

ஆண்டைச் சரியாகக் குறிப்பது தவறான கதைகளிலிருந்தும் காப்பாற்றும். ‘எ ஹார்ட் ரெயின்ஸ் எ-கானா ஃபால்’ பாட்டு, அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணுஆயுதப் போரின் விளிம்பில் நின்ற கியூப ஏவுகணை நெருக்கடியின்போது எழுதப்பட்டது என்று நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். அந்தப் பாட்டை டிலன் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் 1962 செப்டம்பர் 22 அன்றே பாடிவிட்டார்; அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி ஏவுகணைகளைப் பற்றி அறிவித்ததோ அக்டோபர் 22-ஆம் தேதி. அச்சம் காற்றில் இருந்தது உண்மை, ஆனால் அந்த நெருக்கடி பாட்டுக்குப் பிறகு வந்தது.

இரண்டாம் படி: சொற்களை மறந்து மெட்டைக் கேளுங்கள்

பாட்டை இரண்டு மூன்று முறை கேட்டு, சொற்களை விட்டுவிட்டு வாய்க்குள் முனகிப் பாருங்கள். நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் இன்ன பாட்டின் ‘வர்ணமெட்டு’ என்று பாட்டின் தலையிலேயே அச்சிட்டிருப்பார்கள். டிலன் அப்படிக் குறிப்பதில்லை, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1962-இல் வந்த முதல் ஆல்பத்தில் அவர் வுடி கத்ரிக்கு எழுதிய வாழ்த்துப் பாட்டு, கத்ரியின் ‘1913 மாஸக்கர்’ மெட்டிலேயே அமைந்திருக்கிறது. ‘மாஸ்டர்ஸ் ஆஃப் வார்’ பாட்டுக்கு அடியில் இருப்பது ‘நாட்டமன் டவுன்’ என்ற பழம்பாட்டு. ‘பாப் டிலன்ஸ் ட்ரீம்’, வடதுருவக் கடலில் காணாமல் போன ஃபிராங்க்ளினைப் பற்றிய கடலோடிப் பாட்டின் மெட்டில் நடக்கிறது; அதை அவர் 1962-63 குளிர்காலத்தில் லண்டனில் மார்ட்டின் கார்த்தி என்ற ஆங்கில நாட்டார் பாடகர் பாடக் கேட்டுக் கற்றார்.

இதைத் திருட்டு என்று உடனே எழுதிவிட வேண்டாம். கத்ரியின் புகழ்பெற்ற ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’ பாட்டின் மெட்டே கார்ட்டர் குடும்பத்தார் பாடிய ஒரு பக்திப் பாட்டிலிருந்து வந்ததுதான். இருக்கும் மெட்டுக்குப் புதுச் சொல் கட்டுவது அந்த மரபின் அன்றாடப் பழக்கம்.

மெட்டு தெரிந்தபின் அந்த மெட்டின் பழைய சொற்கள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். ‘ப்ளோயிங் இன் தி விண்ட்’ இதற்கு நல்ல பயிற்சி. அதன் மெட்டு, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் பாடிய ‘நோ மோர் ஆக்‌ஷன் பிளாக்’ என்ற பாட்டிலிருந்து பிறந்தது என்று டிலனே சொல்லியிருக்கிறார். மனிதரை ஏலம் விடும் மேடை இனி இல்லை, சாட்டை இனி இல்லை என்று அந்தப் பாட்டு அடுக்கிக்கொண்டே போகிறது. 1962-இல் கேஸ்லைட் என்ற நியூயார்க் காபிக் கடையில் டிலன் அதைப் பாடிய பதிவு 1991-இல் வெளியானது. அதையும் அவருடைய பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பழைய பாட்டில் ‘இனி இல்லை’ என்ற உறுதி இருந்த இடத்தில் டிலன் ‘இன்னும் எத்தனை’ என்ற கேள்வியை வைத்திருக்கிறார். விடுதலை வந்துவிட்டது என்று நூறாண்டுக்கு முன் பாடிய மெட்டில், 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இன்னும் எத்தனை காலம் என்று கேட்பது எப்படிப்பட்ட கேள்வி என்பது அப்போது விளங்கும். சொற்களை மட்டும் படிக்கிறவருக்கு அந்தப் பாட்டு சற்றுப் பொதுப்படையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அதன் கூர்மை மெட்டில் இருக்கிறது.

மூன்றாம் படி: சட்டகத்தைக் கண்டுபிடியுங்கள்

சில பாட்டுகளில் மெட்டு மாறியிருக்கும், ஆனால் கட்டுமானம் அப்படியே நிற்கும். யார் யாரிடம் பேசுகிறார்கள், பல்லவிபோல் திரும்பி வரும் அடி எது, ஒவ்வொரு கண்ணியிலும் எது மாறுகிறது என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு என்ற ஹார்வர்டு பேராசிரியர் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட, 305 கதைப்பாட்டுகள் அடங்கிய பெருந்தொகுப்பைப் புரட்டுங்கள். அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் எண் உண்டு. நாட்டார் பாடகர்கள் இன்றும் எண்ணைச் சொல்லியே பேசிக்கொள்கிறார்கள்.

‘ஹார்ட் ரெயின்’ பாட்டின் சட்டகம் அந்தத் தொகுப்பின் 12-ஆம் பாட்டான ‘லார்டு ராண்டல்’. வேட்டைக்குப் போய்த் திரும்பிய மகனைத் தாய் கேட்கிறாள்: எங்கே போயிருந்தாய், என்ன சாப்பிட்டாய், உன் வேட்டை நாய்கள் என்னவாயின? காதலி வீட்டில் விலாங்குக் குழம்பு சாப்பிட்டதாகவும், நாய்கள் உடல் வீங்கிச் செத்ததாகவும் அவன் சொல்கிறான். ஒவ்வொரு பதிலின் முடிவிலும், அம்மா படுக்கையை விரி, எனக்குப் படுக்க வேண்டும் என்கிறான். மகனுக்கு நஞ்சு வைத்திருக்கிறார்கள் என்பது தாய்க்கு மெல்ல மெல்ல விளங்குகிறது.

டிலன் இந்தக் கேள்வி-பதிலை எடுத்துக்கொள்கிறார். எங்கே போயிருந்தாய், என்ன பார்த்தாய், என்ன கேட்டாய், யாரைச் சந்தித்தாய், இனி என்ன செய்யப் போகிறாய் என்று ஐந்து கேள்விகள். மகனைக் கொஞ்சி விளிக்கும் முறையும் பழையதுதான். இனி மூன்றாவது பத்திக்கு வருவோம். பழைய மகன் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் படுக்கையைக் கேட்கிறான். புதிய மகனின் பதில்கள் அடுக்கடுக்காக நீண்டு, கண்ணிக்குக் கண்ணி அளவு மாறி, கடைசியில் மிக நீளமாகின்றன. பழைய பாட்டில் ஒரு மனிதனின் வயிற்றில் இருந்த நஞ்சு, டிலனின் கடைசிக் கண்ணியில் ஊரார் குடிக்கும் நீரில் கலந்திருக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமான மாற்றம் முடிவில் வருகிறது. லார்டு ராண்டல் படுத்துக்கொள்ள இடம் கேட்கிறான். டிலனின் மகன் மழை தொடங்குவதற்கு முன் மறுபடியும் வெளியே போகிறேன் என்கிறான். பழம்பாட்டை அறிந்தவர் படுக்கையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் இடம் அது. அங்கே எழுந்து நடக்கிற மகனைக் கேட்கும்போது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது.

நாடகத்திலிருந்தும் சட்டகம் வரலாம். 2004-இல் வெளியான ‘கிரானிகிள்ஸ்’ என்ற தன்வரலாற்றில், பெர்டோல்ட் பிரெக்ட் எழுதி குர்ட் வைல் இசையமைத்த ‘பைரேட் ஜென்னி’ என்ற பாட்டைத் தாம் கழற்றிப் பார்த்துக் கற்ற விதத்தை டிலன் விரிவாகவே எழுதியிருக்கிறார். தரை துடைக்கும் வேலைக்காரி ஒருத்தியின் பாட்டு அது. கதை முற்றும்வரை அதன் அடிக்கருத்து முழுதாக வெளிப்படாது. 1963 பிப்ரவரியில் பால்டிமோர் நகரில் பணக்கார இளைஞன் ஒருவன் கைத்தடியால் அடித்ததை அடுத்து இறந்துபோன ஹேட்டி கேரல் என்ற விடுதிப் பணிப்பெண்ணைப் பற்றிய பாட்டில் டிலன் இந்த உத்தியைப் பயன்படுத்துகிறார். கொலையைச் சொல்லிவிட்டு, இது அழும் நேரமல்ல என்கிறார். ஒவ்வொரு முறையும் அதையே சொல்லி நம்மைத் தடுத்து நிறுத்துகிறார். நீதிபதி ஆறு மாதச் சிறை என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான், இப்போது அழலாம் என்கிறார். சாவைவிடத் தீர்ப்புக்கே கண்ணீர் என்பதை எங்கும் விளக்கிச் சொல்லாமல், திரும்பி வரும் ஓர் அடியின் இடமாற்றத்தாலேயே சொல்லிவிடுகிறார்.

நான்காம் படி: வேதாகமத்தைப் பக்கத்தில் வையுங்கள்

இதற்குக் கிங் ஜேம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்பையே பயன்படுத்துங்கள், டிலனின் காதில் ஒலிப்பது அந்தப் பழைய ஆங்கிலம். 1960-களின் பிற்பகுதியில் உட்ஸ்டாக்கில் இருந்த அவருடைய வீட்டில் பெரிய வேதாகமம் ஒன்று தாங்கியின் மேல் திறந்தபடி இருக்கும் என்று அவருடைய தாயார் சொல்லியிருக்கிறார்.

‘ஆல் அலாங் தி வாட்ச்டவர்’ பாட்டையும் ஏசாயா 21-ஆம் அதிகாரத்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். காவற்கோபுரம், பிரபுக்கள், காவல்காரனின் சிங்கக் குரல், இரண்டு குதிரைவீரர்கள் எல்லாம் ஏசாயாவில் இருக்கின்றன. வீரர்கள் வந்தபின் ‘பாபிலோன் விழுந்தது’ என்ற செய்தி உரக்க ஒலிக்கிறது. டிலனின் பாட்டு மூன்றே கண்ணிகள். முதல் இரண்டில் ஒரு கோமாளியும் ஒரு திருடனும் பேசிக்கொள்கிறார்கள். மூன்றாவதில்தான் கோபுரமும் பிரபுக்களும் வருகிறார்கள். தூரத்தில் காட்டுப்பூனை உறுமுகிறது, இரண்டு பேர் குதிரையில் நெருங்குகிறார்கள், காற்று ஊளையிடுகிறது, பாட்டு நின்றுவிடுகிறது. செய்தியை அவர் சொல்லவே இல்லை. நெருங்கி வருகிற இருவர் முதல் கண்ணியில் பேசிய அந்த இருவர்தாம் என்று கொண்டால், பாட்டின் முடிவு அதன் தொடக்கத்துக்கே நம்மைக் கொண்டுபோய்விடுகிறது. இந்தப் பாட்டில் நிகழ்ச்சிகளின் சுழற்சி தலைகீழாக நடக்கிறது என்று 1968-இல் ஒரு நேர்காணலில் டிலனே சொல்லியிருக்கிறார்.

மூன்று ஊற்றுகள் ஒரே இடத்தில் கலப்பதைப் பார்க்க விரும்பினால் ‘ஹைவே 61 ரீவிசிட்டட்’ பாட்டின் முதல் கண்ணி போதும். மகனைப் பலியிடச் சொல்லி ஆபிரகாமுக்குக் கடவுள் இட்ட கட்டளை ஆதியாகமம் 22-இல் இருக்கிறது. பலி நடக்க வேண்டிய இடமாக டிலன் சொல்லும் நெடுஞ்சாலை, மினசோட்டாவிலிருந்து ப்ளூஸ் பிறந்த மிசிசிப்பி டெல்டா வழியாக நியூ ஆர்லியன்ஸ்வரை போகும் 61-ஆம் எண் சாலை. டிலனின் தந்தையின் பெயரும் ஏப்ரம், ஆபிரகாமின் பழைய பெயர்தான்.

ஐந்தாம் படி: கவிதை அலமாரி

இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். பாட்டில் ஒரு கவிஞரின் பெயர் வந்தாலே அவருடைய தாக்கம் இருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். 1965-இல் வந்த ‘டெசலேஷன் ரோ’ பாட்டில் எஸ்ரா பவுண்டும் டி. எஸ். எலியட்டும் கப்பலின் கோபுரத்தில் சண்டை போடுகிறார்கள். அவர்கள் அங்கே கதாபாத்திரங்கள், அவ்வளவே. தாக்கத்தைத் தேட வேண்டியது படிமங்கள் ஒன்றையொன்று தொடரும் விதத்தில். காதலி சூஸ் ரோட்டலோ வழியாகத் தமக்கு அறிமுகமான ராம்போவின் கடிதம் ஒன்றில், நான் என்பது வேறொருவன் என்ற வாக்கியத்தைப் படித்தபோது மணி அடித்ததுபோல் இருந்தது என்கிறார் டிலன். பிறந்தபோது ராபர்ட் ஆலன் ஸிம்மர்மன் என்று பெயரிடப்பட்ட ஒருவருக்கு அந்த வாக்கியம் எவ்வளவு பிடித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கவிதையா, பாட்டா என்று பிரிக்க முடியாத இடங்களும் உண்டு. ‘சப்டெரேனியன் ஹோம்சிக் ப்ளூஸ்’ பாட்டின் துண்டு துண்டான அடிகளைப் பீட் கவிதை என்று சொல்லிவிடத் தோன்றும். அந்தப் பாட்டுக்கான படத்துண்டில் கவிஞர் ஆலன் கின்ஸ்பர்க் பின்னணியில் நிற்கவும் செய்கிறார். ஆனால் சக் பெர்ரியின் ‘டூ மச் மங்கி பிசினஸ்’ பாட்டை ஒருமுறை கேளுங்கள். அன்றாடத் தொல்லைகளைக் குட்டி அடிகளில் மூச்சுவிடாமல் கொட்டும் அந்தத் தாளம் கவிதைப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல என்பது முதல் பத்து நொடியில் தெரிந்துவிடும்.

ஆறாம் படி: பிந்தைய ஆல்பங்களில் சொல்லுக்குச் சொல் தேடுங்கள்

2001 செப்டம்பரில் வெளிவந்த ‘லவ் அண்ட் தெஃப்ட்’ ஆல்பத்திலிருந்து தேடும் முறையே மாறுகிறது. அதற்கு முன் மெட்டும் சட்டகமும் கிடைத்தன. இப்போது வரிகளே பிற நூல்களிலிருந்து பெயர்ந்து வருகின்றன. மேற்கோள் குறிகளோடு அச்சிடப்பட்ட அந்தத் தலைப்பே எரிக் லாட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1993-இல் எழுதிய நூலின் பெயர். ஜப்பானிய மருத்துவர் ஜுனிச்சி சாகா எழுதிய ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ யக்குசா’ நூலின் வாக்கியங்கள் அந்த ஆல்பத்தில் பல பாட்டுகளில் கலந்திருப்பதை ஒரு வாசகர் தற்செயலாகக் கண்டுபிடித்தார். 2006-இல் வந்த ‘மாடர்ன் டைம்ஸ்’ ஆல்பத்தில் ஹென்றி டிம்ராட் என்ற அமெரிக்க உள்நாட்டுப்போர்க் காலக் கவிஞரும், ரோமிலிருந்து நாடுகடத்தப்பட்ட பழங்காலக் கவி ஆவிடும் கிடைத்தார்கள். சந்தேகம் தரும் அடியை அப்படியே இணையத் தேடலில் இட்டுப் பார்ப்பது இந்தக் காலப் பாட்டுகளுக்குப் பயன்படும். முந்தைய பாட்டுகளுக்கு அவ்வளவாக உதவாது.

கிடைத்ததும் அந்த வரி புதிய இடத்தில் வேறு வேலை செய்கிறதா என்று கேளுங்கள். ‘லோன்சம் டே ப்ளூஸ்’ பாட்டில், தோற்றவர்களை விட்டுவிடுவேன், அடங்காதவர்களை அடக்குவேன் என்று ஒருவன் சொல்கிறான். ரோமானியக் கவி வர்ஜிலின் ‘ஈனியட்’ காவியத்தின் ஆறாம் காண்டத்தில் இறந்துபோன தந்தை ஆன்கைசிஸ் மகனுக்கு ரோமின் கடமையாக எடுத்துரைக்கும் சொற்கள் அவை. ஒரு பேரரசின் அறத்தை, எல்லோரையும் இழந்து தனியே உட்கார்ந்திருக்கும் ஒரு ப்ளூஸ் பாடகனின் வாயில் வைப்பது அசாதாரணமான செயல். டிம்ராடின் வரிகளை எடுத்துக்கொண்ட இடங்களில் இந்த அளவு மாற்றத்தை என்னால் காண முடியவில்லை. அங்கே ஆல்பத்தின் உறையில் கவிஞரின் பெயரை ஒரு மூலையில் போட்டிருக்கலாம். நாட்டார் இசையிலும் ஜாஸிலும் எடுத்தாளுதல் வளமான மரபு என்று 2012-இல் ஒரு நேர்காணலில் டிலன் சினத்தோடு பதில் சொன்னார். மெட்டைப் பொறுத்தவரை அந்தப் பதில் எனக்குப் போதும், அச்சில் வந்த கவிதையைப் பொறுத்தவரை போதாது.

ஏழாம் படி: எவ்வளவு உறுதி என்று குறியுங்கள்

நோட்டில் ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் எதிரே ஓர் அடையாளம் இடுங்கள். டிலனே சொன்னது ஒருவகை. அவர் சொல்லாவிட்டாலும், அந்தப் பாட்டையோ நூலையோ அதற்குமுன் அறிந்திருந்தார் என்று ஆண்டுகளால் காட்ட முடிவது இன்னொரு வகை. உதாரணமாக, ஹாரி ஸ்மித் 84 பழைய ஒலிப்பதிவுகளைத் தொகுத்த ‘ஆந்தாலஜி ஆஃப் அமெரிக்கன் ஃபோக் மியூசிக்’ 1952-இலேயே வந்துவிட்டது. ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் பாட்டுகள் இசைத்தட்டுத் தொகுப்பாக 1961-இல்தான் வந்தன. ஜான்சனின் தடத்தை 1961-க்கு முன் தேடுவதில் பயனில்லை. மூன்றாவது, வெறும் ஒற்றுமை. ‘வாட்ச்டவர்’ பாட்டில் பெண்கள் வந்து போகிறார்கள், எலியட்டின் ‘ப்ரூஃப்ராக்’ கவிதையிலும் பெண்கள் வந்து போகிறார்கள். எனக்கு அது எதிரொலியாகவே கேட்கிறது, ஆனாலும் அதற்குப் பக்கத்தில் கேள்விக்குறிதான் போட்டிருக்கிறேன்.

ப்ளூஸில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்கு மிதந்து திரியும் அடிகள் அங்கே ஏராளம். என்றாவது ஒருநாள் என் கொல்லைக் கதவில் வெயில் அடிக்கும் என்ற அடியை எத்தனையோ பேர் பாடியிருக்கிறார்கள். இன்னாரிடமிருந்து வந்தது என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. ‘கிரானிகிள்ஸ்’ நூலையும் சாட்சியாக வைக்கும்போது கவனம் வேண்டும், அதிலேயே பிற எழுத்தாளர்களின் வாக்கியங்கள் ஒட்டுப்போட்டிருப்பதை ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

தொடங்குவதற்கு ஒரு பாட்டு

முதல் பயிற்சிக்கு 1963-இல் வந்த ‘கேர்ள் ஃப்ரம் தி நார்த் கன்ட்ரி’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ட்டின் கார்த்தியிடமிருந்து கேட்ட ‘ஸ்கார்பரோ ஃபேர்’ அதன் மூலம். அங்கே ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் என்னை நினைவூட்டு, ஒரு காலத்தில் அவள் என் காதலி என்ற அடிகளை டிலன் ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார். முதல் இரண்டு பத்திகளும் ஐந்து நிமிடத்தில் நிரம்பிவிடும். பழைய பாட்டில் அதன் பிறகு காதலிக்குச் செய்யவே முடியாத வேலைகள் இடப்படுகின்றன. அவற்றில் ஒன்று, தையலும் ஊசிவேலையும் இல்லாமல் எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடு என்பது. டிலன் அந்த விடுகதைகளை எல்லாம் விட்டுவிட்டார், ஒரு துணியை மட்டும் வைத்துக்கொண்டார். அங்கே ஆறு உறைந்து கிடக்கும், காற்று ஊளையிடும், அவள் கதகதப்பான மேலங்கி போட்டிருக்கிறாளா என்று பார் என்கிறார்.